வங்கி வேலையை விட்டு மரச்செக்குக்கு வந்தவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொதுத்துறை வங்கியில் 10 ஆண்டு அதிகாரியாக இருந்தேன். 2022 செப்டம்பரில் ராஜினாமா செய்துவிட்டு, காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டுகிறேன். கடைக்கு வருகிறவர்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது எண்ணெய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே, "நானும் வேலையை விட்டுடலாம்னு இருக்கேனுங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை பிடிக்காமல்தான் விட்டீர்களா?

இல்லை. 2011-ல் பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கும் சேர்த்து முதல் பொதுத் தேர்வு நடந்தது. அதில் தேறி 2012-ல் சேர்ந்தேன். வேலை பிடித்தே இருந்தது. விவசாயக் கடன், சிறுதொழில் கடன் பார்க்கும் மேசையில் பல வருடம் இருந்தேன். காங்கேயம் கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர்போன ஊர். உலர்களம் வைத்திருப்பவர்களும் எண்ணெய் ஆலைக்காரர்களும் நாள் முழுக்க என் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பேசுவார்கள். ஆய்வுக்குப் போகிற இடத்தில் கோப்பை மூடிய பிறகும் ஒரு மணி நேரம் செக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ஈர்ப்பு நான்கைந்து வருடம் குறையவே இல்லை. மூன்று வருடத்துக்கு ஓர் ஊர், அடுத்தது வேறு மாநிலம் என்று இடமாற்றமும் சேர்ந்துகொண்டது.

மேலாளர் மேல் உள்ள கோபத்தில் வேலையை விட நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த மேலாளர் மாற்றலாகிப் போகும் வரை காத்திருங்கள். அவர் போன பிறகும் அந்த ஆசை இருந்தால், அப்போது பேசலாம்.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

அதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. லட்சக்கணக்கான ரூபாய்க்கான கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் நான். "ஏனுங்க, மாசம் நம்ம வீட்டுக்கு எவ்வளவு வேணும்?" என்று மனைவி கேட்டபோது 28,000 என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தாள். மூன்று மாதம் எழுதினோம். பால், கேஸ், பள்ளி வேன், அப்பாவின் மாத்திரை, கல்யாண மொய், வண்டி டயர் எல்லாம் அதில் ஏறின. வீட்டுக் கடன் தவணை உயரப்போவதையும் கூட்டிப் பார்த்தால் சராசரி 41,000 வந்தது.

அதை 18-ஆல் பெருக்கி 7,38,000 ரூபாயைத் தனி வைப்புத்தொகையாகப் போட்டேன். தொழிலுக்கு எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்தோம். ஏன் 18 மாதம் என்றால், தொழில் கைக்கு வர ஒரு வருடம், அந்த வருடத்தில் செய்த தவறுகளைச் சரிக்கட்ட ஆறு மாதம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 22,000 ரூபாய் சம்பளம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் இல்லாதிருந்தால் எனக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது. வீட்டில் ஒரே வருமானம் என்றால் 18 மாதம் போதாது, இரண்டு வருடச் செலவாவது வேண்டும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாம் போய்விடுமா?

பெரும்பாலானவர்கள் பயப்படுகிற அளவுக்குப் போகாது. ஆனால் தேதி தெரியாமல் ராஜினாமா எழுதினால் சில விஷயங்களில் நிஜமாகவே நட்டம்.

கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு, பொதுவாக 5 ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 52,000 வாங்கியவர் 10 ஆண்டு வேலை செய்திருந்தால் 3,00,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் போன கடைசி வருடம் முழு வருடமாகக் கணக்காகும். 4 வருடம் 2 மாதத்தில் கடிதம் நீட்ட நினைத்த ஒரு தம்பியிடம் காலண்டரைக் காட்டி உட்கார வைத்தேன்.

தனியார் வேலையில் இருப்பவர்கள் பி.எஃப். பணத்தை 5 வருடத்துக்குள் எடுத்தால் வரி கட்ட நேரிடும். அதோடு சேர்ந்த பென்ஷனுக்கு 10 ஆண்டு பணி வேண்டும். ஒன்பது வருடம் தாண்டியிருந்தால் கொஞ்சம் பொறுத்துவிடுங்கள். 10 ஆண்டு முடித்துவிட்டால், வேலையை விட்டாலும் 58 வயதில் அந்தப் பென்ஷன் உங்களுக்கு உண்டு.

என்னைப் போல 2010 ஏப்ரலுக்குப் பிறகு வங்கியில் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். நான் வேலையை விட்டபோது இருந்த விதிப்படி, 60 வயதுக்கு முன் அதை முடித்துக்கொண்டால் குறைந்தது 80 சதவீதத்தை, பென்ஷனாகத் திரும்பித் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டியிருந்தது, மீதிதான் கைக்கு வரும். நான் முடிக்கவில்லை. வருடம் ஒருமுறை ஒரு தொகை கட்டிக் கணக்கை உயிரோடு வைத்திருக்கிறேன்.

பழைய பென்ஷன் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. மத்திய அரசு ஊழியர் 20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வில் போனால் பென்ஷன் உண்டு. அதே ஆள் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் அத்தனை வருடப் பணியும் பென்ஷன் கணக்கில் இல்லாமல் போகும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். 18, 19 வருடம் ஆனவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள்.

வீட்டுக் கடன் இருக்கும்போது விடலாமா?

விடலாம், ஆனால் முதலில் வங்கிக்குப் போய்க் கேளுங்கள். வங்கி ஊழியர்களுக்கு வீட்டுக் கடன் சலுகை வட்டியில் கிடைக்கும். ராஜினாமா செய்த அன்றோடு அந்தச் சலுகை முடிந்தது. ஒன்று கடனை அடைக்க வேண்டும், இல்லையென்றால் பொதுமக்களுக்கான வட்டிக்கு மாற்ற வேண்டும். நான் மாற்றினேன். தவணை மாதம் 6,000 ரூபாய் ஏறியது.

இன்னொன்று. புதிதாக எந்தக் கடன் வேண்டுமென்றாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள். கடன் கொடுக்கும் மேசையில் இருந்தவன் சொல்கிறேன், தொழில் தொடங்கி மூன்று மாதம் ஆனவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், கோப்பில் காட்ட இரண்டு வருட வருமான வரிக் கணக்கு இல்லையென்றால் அதிகாரியின் கை கட்டுப்பட்டுவிடும்.

வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்?

இதைத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

அப்பா விவசாயி. மழையையும் சந்தை விலையையும் நம்பியே வாழ்ந்தவர். மகனாவது மாதச் சம்பளக்காரனாக இருக்கிறான் என்பதுதான் அவருக்கு நிம்மதி. "கால் காசுன்னாலும் கவர்மென்ட் காசு கண்ணு" என்று ஒரே வரி சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பத்து நாள் சரியாகப் பேசவில்லை. மாமனார் நேராக வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, காபியைத் தொடாமல், "மாப்ள, பேங்க் ஆபீசர்னு சொல்லித்தானுங்க நான் புள்ளையக் குடுத்தேன். இப்ப செக்கு ஆட்டறாருன்னு நாலு பேருகிட்ட எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பெண்ணைக் கொடுத்தவர் கேட்காமல் யார் கேட்பார்? அவரிடம் ஆசை, கனவு என்று பேசவில்லை. அந்த நாற்பது பக்க நோட்டையும் வைப்புத்தொகைச் சீட்டையும் எடுத்து முன்னால் வைத்தேன். "மாமா, 18 மாசம் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா ஏதாவது தனியார் வங்கியில் கடன் பிரிவுக்குப் போயிடறேன், எந்த ஊரா இருந்தாலும்" என்றேன். மனைவியும், "நானும் சேர்ந்து போட்ட கணக்குத்தானுங்கப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் காபியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொடுத்தோம்.

பெற்றவர்கள் பயப்படுவது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவர்களிடம் கணக்கைக் காட்டுங்கள், ஒரு கெடுவும் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் போய் நின்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பார்க்கலாமா?

அரசு வேலையிலும் வங்கியிலும் அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்யக் கூடாது, நடத்தை விதிகள் தடுக்கின்றன. மனைவி பெயரில் தொடங்கினாலும் முறைப்படி தெரிவிக்க வேண்டியிருக்கும். ஐ.டி. நிறுவனங்களிலும் பணி ஒப்பந்தத்தில் இது பெரும்பாலும் இருக்கிறது. 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததாக விப்ரோ 300 பேரை நீக்கியது நினைவிருக்கும்.

ஆனால் கற்றுக்கொள்வதற்குத் தடை இல்லை. தெரிந்தவர் ஒருவரின் செக்கில் ஞாயிறும் விடுமுறைச் சனியும் போய்க் கூலி வாங்காமல் வேலை செய்தேன். இப்படி ஒரு முழு வருடம். யார் என்ன கேட்டாலும் நான் அழுத்திச் சொல்வது இந்த ஒரு வருடத்தைத்தான். எந்தத் தொழிலானாலும் அதன் பன்னிரண்டு மாதங்களையும் பார்த்துவிட்டு வேலையை விடுங்கள். கோடையில் பார்த்தால் செக்குத் தொழில் சொர்க்கம். களத்தில் கொப்பரை நல்ல வெயிலில் காய்ந்து, உடைத்தால் டப்பென்று சத்தம் வரும். ஐப்பசி மழையில் வந்து பாருங்கள். வெயில் இல்லை, கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும், ஆட்டிய எண்ணெய் தெளியாது. தீபாவளிக்கு எண்ணெய் கேட்டு ஆள் வருவதும் அதே ஐப்பசியில்தான்.

வேலையை எப்படிக் கற்றீர்கள்?

கையால்தான். உரலும் உலக்கையும் வாகை மரம். மாட்டுக்குப் பதில் மோட்டார் என்றாலும் மெதுவாகத்தான் சுற்றும், அவசரப்படுத்தினால் சூடேறிவிடும். எள் ஆட்டும்போது பாதியில் கருப்பட்டி போடுவார்கள். எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து உரலின் ஓரத்தில் இருந்த மாவைத் தொட வைத்தார். வெதுவெதுப்பாக, ஈர மண் மாதிரி இருந்தது. பிடித்தால் உருண்டை நின்றது. "இப்பப் போடு" என்றார். கொஞ்ச நேரத்தில் உலக்கையின் சத்தமே மாறியது. கரகரவென்று இருந்தது கனத்து இறங்கியது, ஓரத்தில் பொன்னிறமாக எண்ணெய் எட்டிப் பார்த்தது. அந்தச் சத்தத்தை நானாகவே கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஆரம்பத்தில் என்ன தவறு செய்தீர்கள்?

விலை குறைவு என்று 12 மூட்டை நிலக்கடலைப் பருப்பு வாங்கினேன், மூட்டைக்கு 50 கிலோ. மேல் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடி மூட்டைகளில் ஈரம். ஒரு வாரத்தில் பூஞ்சை தெரிந்தது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம், கல்லீரலுக்குக் கெடுதல். கலந்து ஆட்டினால் யாருக்கும் தெரியாது என்று சொன்னவர்கள் உண்டு. என் குழந்தை சாப்பிடுகிற அதே எண்ணெயைத்தான் விற்கிறேன், மனசு வரவில்லை. மொத்தத்தையும் கழித்தேன். 66,000 ரூபாய் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் அடி வரை குத்தூசி விட்டுப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

இப்போது வருமானம் எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். முதல் ஐந்து மாதம் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆறாவது மாதம் 12,000. மூன்றாவது வருடத்தில் மாதச் சராசரி 55,000. வங்கியில் கடைசியாகக் கைக்கு வந்தது 72,000. ஆக, இன்னும் பழைய சம்பளத்தைத் தொடவில்லை. நான் வெளியே வந்த பிறகு 2024 மார்ச்சில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2022 நவம்பரிலிருந்து கணக்கிட்டு 17 சதவீத உயர்வும் வந்தது. நான் செப்டம்பரில் வந்தவன். நண்பர்கள் நிலுவைத்தொகை வாங்கிய அந்த வாரம் எனக்கு வலித்தது, மறைக்க விரும்பவில்லை.

லாபக் கணக்கு இப்படி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். எண்ணெய் போக மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுத் தீவனத்துக்குப் போகும். புண்ணாக்கு விற்ற காசு இல்லையென்றால் இந்தத் தொழிலே நிற்காது. கூலி, மின்சாரம், பாட்டில் கழித்து லிட்டருக்கு 30 ரூபாய் நின்றால் நல்ல மாதம். 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களில் பாதி நின்றுவிட்டன. மூலப்பொருள் விலை உங்கள் கையில் இல்லாத எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு வருடம் வரும்.

மானியம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் மானியத்தை நம்பி வேலையை விடாதீர்கள். குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்தார்கள். அதில்தான் நானும் செக்கு வாங்கினேன். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. கடன் கணக்கின் பக்கத்திலேயே தனியாக நிற்கும். மூன்று வருடம் தவணை தவறாமல் கட்டினால்தான் கடனில் கழிப்பார்கள். இது தெரியாமல் மானியப் பணத்தில் கொட்டகை போடலாம் என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் திகைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய், இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே இல்லை. காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு?

நிறுவனம் கொடுத்த குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு பொதுவாக முடிந்துவிடும். ராஜினாமா கடிதத்துக்கு முன்பே குடும்பத்துக்குத் தனியாக எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு. அந்தக் கடிகாரம் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

தொழில் இல்லை, வேறு படிப்பு படித்து வேறு துறைக்குப் போகிறேன். இதெல்லாம் பொருந்துமா?

பணக் கணக்கு அப்படியே பொருந்தும். விதிகள் துறைக்குத் துறை மாறும். வக்கீலாக வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் நிறைய. மூன்றாண்டு சட்டப் படிப்பை அஞ்சல் வழியில் படித்துவிட்டு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது, கல்லூரிக்குப் போக வேண்டும். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்காடவும் முடியாது. ஆக, மூன்று வருடப் படிப்பு, அதற்கு மேல் மூத்த வக்கீலிடம் பழகும் காலம், இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

தோற்றால் திரும்பிப் போக முடியுமா?

பொதுத்துறை வங்கிக்கு எனக்கு வழி இல்லை. அதிகாரித் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30. தனியாரில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அதனால் வெளியே வரும் விதம் முக்கியம். அதிகாரிகளுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு. அந்த மூன்று மாதமும் புதிதாகச் சேர்ந்தவன் போல வேலை செய்தேன். கடைசி நாள் பெட்டகச் சாவியை ஒப்படைத்தேன். பெட்டகத்துக்கு இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருக்கும், ஒருவரால் மட்டும் திறக்க முடியாது. சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பல வருடமாகச் சாவி கனத்த இடம் காலியாக இருந்தது. பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று இரண்டையும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

யார் விடக் கூடாது?

கிரெடிட் கார்டு பாக்கியும் நகைக் கடனும் வைத்திருப்பவர்கள், முதலில் அதை அடைத்துவிடுங்கள். வீட்டில் பெரிய சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் இப்போது வேண்டாம். தங்கை கல்யாணம் அடுத்த வருடம் என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். துணையின் சம்மதம் இல்லாமல் எந்த நிலையிலும் வேண்டாம்.

எந்த மாதத்தில் விடுவது நல்லது?

நான் தீபாவளி வியாபாரத்தைப் பிடித்துவிடலாம் என்று செப்டம்பரில் வந்தேன். உரிமம், மின் இணைப்பு என்று அலைந்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பண்டிகைக்கு விற்க என்னிடம் 40 லிட்டர்கூட இல்லை. மறுபடி செய்வதானால் ஜனவரியில் வருவேன். ஆடிப்பட்டத்துக் கடலை களத்துக்கு வந்து காய்ந்திருக்கும், முன்னால் நல்ல வெயில் ஐந்து மாதம் இருக்கும், பள்ளிக் கட்டணத்துக்கு ஜூன் வரை நேரம் இருக்கும். உங்கள் தொழிலுக்கு அந்த மாதம் எது என்று, அந்த ஒரு வருடம் கூடவே இருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.